வாங்கும் கையும் வழங்கும் கையும்: இமாம் அபூயூசுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ குறித்து ஒரு மறுவாசிப்பு

ஹிதாயாவில் கிதாபுஸ் ஸியர் பகுதிக்குள் உஷ்ர், கராஜ் பற்றிய பாடம் ஒன்று வருகிறது. அரபுக் கல்லூரிகளில் அதனை நடத்தும் எங்களைப் போன்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸகாத்தின் சட்டங்களை வாரக்கணக்கில் விரித்துரைப்போம். கராஜ் வந்ததும், “இஃது இன்று வழக்கில் இல்லை” என்று கூறி விரைந்து கடந்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தவன். ஒருமுறை மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், ஸகாத் யார் யாருக்குச் சேர வேண்டும் என்பதை இறைமறையே எட்டு வகையாகப் பிரித்துத் தந்துவிட்டது. கராஜ் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார்?” என்று கேட்டார். “ஆட்சித் தலைவர்” என்றேன். “அவர் தவறாகச் செலவிட்டால் கேட்பவர் யார்?” என்றார். பொதுவான அறிவுரைகள் சிலவற்றைச் சொல்லி அன்றைய பாடத்தை முடித்தேன். அவர் நிறைவடையவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் நிறைவடையவில்லை.

அந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். இந்நூலின் பெயர் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி ஒலிப்பது. வரியியலில் முஸ்லிம்கள் முன்னோடிகள் என்று நிறுவ வேண்டிய இடமெல்லாம் அது வந்து நிற்கும். ஆனால் பெருமைக்காக எடுத்துக்காட்டப்படும் அளவுக்கு அது ஊன்றிப் படிக்கப்படுவதில்லை. ஒரு நூலைப் புகழ்வது வேறு; அதனிடம் வினாத் தொடுப்பது வேறு. இரண்டாவதுதான் அந்நூலுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.

நூலும் காலமும்

அபூயூசுஃப் யஃகூப் இப்னு இப்ராஹீம் அல்அன்ஸாரீ ஹிஜ்ரி 113இல் (கி.பி. 731) கூஃபாவில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே பொருளுதவி செய்து அவரைப் படிக்க வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். மஹ்தீ, ஹாதீ, ஹாரூன் ரஷீத் ஆகிய மூன்று அப்பாஸியக் கலீஃபாக்களின் காலத்தில் காழியாகப் பணியாற்றினார். காழில் குழாத் எனும் தலைமை நீதிபதிப் பதவியை முதன்முதலில் பெற்றவரும் அவரே. ஹிஜ்ரி 182இல் (798) மறைந்தார். ஆசிரியர், கலீஃபா தர முன்வந்த காழிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தவர்; மாணவர் அப்பதவியின் உச்சியில் அமர்ந்தவர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தியே இந்நூலைப் படிக்க வேண்டும்.

கராஜ், உஷ்ர், ஸதகா, ஜிஸ்யா ஆகியவற்றை வசூலிப்பதில் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைத் தொகுத்துத் தருமாறு ஹாரூன் ரஷீத் கேட்டார்; அதற்கு விடையாக எழுதப்பட்டதே இந்நூல். இன்று நம் கையிலுள்ள வடிவம் பிற்காலத்தில் உருப்பெற்றது என்று நார்மன் கால்டர் 1993இல் வாதிட்டார். அவ்வாதம் பரவலான ஏற்பைப் பெறவில்லை. மரபு சொல்லும் ஆசிரியரையும் காலத்தையும் கொண்டே இக்கட்டுரை செல்கிறது.

கேட்கப்பட்டது வரி வசூலைப் பற்றி. இமாமோ உடனே அதற்கு வரவில்லை. முதற்பக்கங்கள் முழுவதும் கலீஃபாவுக்குச் செய்யும் உபதேசம். மேய்ப்பன் தன் மந்தைக்குப் பொறுப்பாளி, காலம் தாழ்த்துவது பணியைக் கெடுக்கும், சினத்தில் தீர்ப்பளிக்கலாகாது, மறுமையில் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வரிவிகிதத்தைக் கேட்டவரிடம் இமாம் முதலில் அவருடைய கணக்கைப் பற்றிப் பேசுகிறார். நூலின் வலிமையும் வரம்பும் இந்த முன்னுரையிலேயே அடங்கியிருக்கின்றன. அதனைப் பின்னர்க் காண்போம்.

வாங்கும் கை

தஜ்லா, ஃபுராத் ஆறுகளின் பாசனத்தில் செழித்த தென் இராக்கின் கருமண் நிலப்பரப்பு ‘ஸவாத்’ எனப்பட்டது. அப்பாஸிய அரசின் கருவூலத்துக்கு அதுவே முதுகெலும்பு. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அங்கு நிலத்தை அளந்து, ஜரீப் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தீர்வை விதிக்கப்பட்டது. இம்முறையைத் தம் காலத்தில் அப்படியே தொடர்வது சரியன்று என்கிறார் அபூயூசுஃப். அன்று தரிசு குறைவு, சாகுபடி மிகுதி. இன்று நிலைமை தலைகீழ். பயிரிடாத நிலத்துக்கும் சேர்த்துத் தீர்வை கட்டச் சொன்னால் குடியானவர் நிலத்தை விட்டு ஓடுவர். விலை வேறு நிலையற்றது. பணமாகக் கேட்டால் விலை வீழும்போது உழவருக்கும், தானியமாகக் கேட்டால் அரசுக்கும் இழப்பு. ஆகவே விளைச்சலில் பங்கு பெறும் ‘முகாஸமா’வை, நம் நாட்டு வழக்கில் சொன்னால் வாரமுறையை, அவர் பரிந்துரைக்கிறார். வாய்க்கால் நீர் தானே பாயும் நிலத்தின் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. ஏற்றமிட்டு இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்குப் பத்தில் மூன்று. பேரீச்சை, திராட்சை, தோட்டப் பயிர்களுக்கு மூன்றில் ஒன்று. கோடைப் பயிர்களுக்கு நான்கில் ஒன்று. உழைப்பும் செலவும் கூடுமிடத்தில் அரசின் பங்கு குறைய வேண்டும் என்பதே இவ்விகிதங்களின் அடிப்படை.

உமர் (ரலி) அவர்கள் வகுத்ததை மாற்றலாமா என்ற ஐயத்தை இமாமே எழுப்பி அதற்கு விடையும் தருகிறார். அவர்கள் நிலத்தின் தாங்கும் திறனைக் கருதியே விகிதத்தை வகுத்தார்கள். திறன் மாறும்போது விகிதம் மாறுவதே அவர்களைப் பின்பற்றுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னோரின் எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த எண்ணுக்குப் பின்னிருந்த காரணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பார்வை, ஃபிக்ஹ் பயில்வோர் அனைவரும் கற்க வேண்டிய பாடம்.

வரிக்குத்தகையை அவர் எதிர்க்கும் இடம் நூலின் மிகச் சூடான பகுதி. ‘கபாலா’ எனப்பட்ட அம்முறையில், ஒரு வட்டாரத்தின் வரியை ஒருவர் மொத்தத் தொகைக்கு ஏலம் எடுப்பார். அரசுக்குக் கவலை விட்டது. குத்தகைக்காரரோ கட்டிய தொகைக்கு மேல் இலாபம் காண மக்களைப் பிழிவார். அடிப்பது, வெயிலில் நிறுத்துவது, கழுத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது ஆகியவற்றை இமாம் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார். ஊராரே விரும்பித் தம்மூர்ச் செல்வர் ஒருவரை ஏற்றால் மட்டும் அனுமதி. அப்போதும் அரசின் கண்காணிப்பாளர் ஒருவர், பைத்துல்மாலிலிருந்து ஊதியம் பெற்று, உடனிருக்க வேண்டும். வசூலுக்காகும் தாள் விலை, அளப்போர் கூலி போன்றவற்றைக் குடிகள் தலையில் ஏற்றக்கூடாது என்றும் தடுக்கிறார். வரிக்கு மேல் வரியாக முளைக்கும் சில்லறைப் பிடுங்கல்களே ஏழையின் வயிற்றில் அடிப்பவை என்பதைத் தலைமை நீதிபதி அறிந்திருந்தார்.

வழங்கும் கை

வாங்குவதற்கு நெறி சொல்லும் நூல்கள் பல. யஹ்யா இப்னு ஆதம் (ஹி. 203), அபூஉபைத் (ஹி. 224) ஆகியோரும் இத்துறையில் சிறந்த நூல்கள் தந்தவர்கள். அபூயூசுஃபின் தனித்தன்மை, வாங்கும்போதே வழங்குவதையும் பேசுவது.

ஆற்றின் பெருங்கரைகள், மதகுகள், உடைப்புகள் ஆகியவற்றைச் சீரமைக்கும் செலவு முழுவதும் பைத்துல்மாலைச் சார்ந்தது. அதில் ஒரு பகுதியையும் குடிகள் மீது சுமத்தக்கூடாது. ஏனெனில் அதன் பயன் அனைவருக்கும் பொது. அவரவர் வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்காலை அவரவரே தூர்வார வேண்டும். பயன் யாருக்கோ செலவும் அவருக்கு என்ற இந்தப் பாகுபாடு இன்றைய வரவுசெலவுத் திட்ட விவாதங்களிலும் தீராத ஒன்று.

சிறைக் கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க விடப்படுவதைக் கண்டு அவர் வெட்கப்படுகிறார். தலைக்கு மாதம் 10 திர்ஹம், கோடைக்கும் குளிருக்கும் உடை, யாருமற்று இறந்தால் கஃபனும் அடக்கமும் என அனைத்தையும் பைத்துல்மாலே ஏற்க வேண்டும் என்கிறார். வாசலில் இரந்து நின்ற கண்ணிழந்த முதிய யூதருக்கு உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கி, அவரையும் அவரையொத்தோரையும் ஜிஸ்யாவிலிருந்து விடுவித்த நிகழ்ச்சியும் இந்நூலில் இடம்பெறுகிறது. ஸகாத் பணத்தையும் கராஜ் பணத்தையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, இரண்டுக்கும் தனித்தனி அலுவலர் வேண்டும் என்ற விதியும் முக்கியமானது. ஸகாத்துக்கு உரியோர் வரையறுக்கப்பட்டவர்; கராஜோ பொதுநலனுக்குரியது. கலந்துவிட்டால் எதற்கும் கணக்கில்லை.

நாம் மேற்கோள் காட்டாத பக்கங்கள்

இவ்வளவையும் பெருமிதத்தோடு சொல்லும் நாம் சில பக்கங்களை ஓசையின்றித் தாண்டிவிடுகிறோம். ஜிஸ்யா வசூலில் எவரையும் அடிக்கவோ வெயிலில் நிறுத்தவோ கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லும் அதே நூல்தான், வசூல் முடியும்வரை அம்மக்களின் கழுத்தில் முத்திரையிட்டு, பின்னர் அதனை உடைத்துவிடலாம் என்றும் சொல்கிறது. அக்கால அரசுகளின் வழக்கம் அது என்று விளக்கலாம். இல்லாதது போல் நடிக்கலாகாது. ஐந்தில் இரண்டு என்ற விகிதத்தையும் கனிவின் சின்னமாகக் காட்டுகிறோம். நூறு மரக்கால் நெல்லில் நாற்பதைக் களத்திலேயே அளந்து கொடுக்கும் உழவரிடம் கேட்டால் வேறு விடை வரும். அதற்கு முந்திய சுமையைவிட அது குறைவு என்பதே அதன் சிறப்பு.

அந்தக் குறைப்பும் கேட்டவுடன் நிகழவில்லை. ஸவாதின் விளைச்சலில் அதுவரை பாதியாக இருந்த அரசின் பங்கை ஐந்தில் இரண்டாகக் குறைத்தவர் ஹாரூனின் மகன் மஃமூன். ஆண்டு ஹிஜ்ரி 204 (819) என்கிறார் தபரீ. நூலைக் கேட்டுப் பெற்றவர் ஆண்ட காலம் முழுவதும் கழிந்து, நூலாசிரியர் மறைந்து 22 ஆண்டுகள் சென்ற பின்னரே அது நடந்திருக்கிறது. வரி நிலுவைக்காக அலுவலரும் நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் பலவகையாக வதைக்கப்பட்டதை ஹிஜ்ரி 184ஆம் ஆண்டு நிகழ்வாக யஃகூபீ பதிவு செய்கிறார். இமாம் மறைந்து இரண்டே ஆண்டுகள். பிடிபட்டவர்களில் குத்தகைக்காரர்களும் இருந்தார்கள் என்பதிலிருந்து, இமாம் எதிர்த்த அம்முறை ஒழியவில்லை என்பதும் புலனாகிறது. வதையை நிறுத்தியதும் ஒரு விதியன்று. பெரியவர் ஒருவர் நேரில் சென்று இறையச்சத்தை நினைவூட்டியதே.

மாணவர் கேட்ட வினா இங்கே திரும்ப வருகிறது. ஆட்சியாளர் தவறினால் கேட்பவர் யார்? நூல் தரும் விடை, அவருடைய தக்வா. நேர்மையாளர்களை அனுப்பி அலுவலர்களைக் கண்காணிக்கச் சொல்கிறார் இமாம். மாதம் ஒருமுறையோ இரு மாதங்களுக்கு ஒருமுறையோ கலீஃபாவே அமர்ந்து முறையீடுகளைக் கேட்க வேண்டும் என்கிறார். இவை நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் அனைத்தும் கலீஃபா விரும்பினால் நடப்பவை. விரும்பாவிட்டால் என்ன என்பதற்கு மறுமையின் எச்சரிக்கையைத் தவிர நூலில் வேறெதுவும் இல்லை. முன்னுரையின் வலிமையே அதன் வரம்பும் ஆகும் என்று சொன்னது இதைத்தான்.

இதில் வியப்பூட்டுவது, மாற்று வழிக்கான சான்று அந்நூலுக்குள்ளேயே இருப்பது. இராக், ஷாம் நிலங்கள் கைவந்தபோது அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பிலால், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற பெரியோர் வற்புறுத்தினர். பங்கிட்டுவிட்டால் பின்வரும் தலைமுறைக்கும், எல்லைக் காவலுக்கும், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள் உமர் (ரலி). உஸ்மான், அலீ, தல்ஹா (ரலி) ஆகியோர் அவர்கள் பக்கம் நின்றனர். விவாதம் நாள்கணக்கில் நீண்டது. இறுதியில் அவ்ஸ் குலத்தில் ஐவர், கஸ்ரஜ் குலத்தில் ஐவர் என அன்ஸாரிப் பெருமக்கள் பதின்மரை அழைத்து, தாமும் அவர்களைப் போன்ற ஒருவரே என்றும், தம் விருப்பத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை என்றும் கூறி வழக்கை அவர்கள் முன் வைத்தார்கள். ஆட்சித் தலைவரே ஒரு கட்சிக்காரராக நின்று வாதாடிப் பெற்ற முடிவு அது. அதன் பிறகே உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா (ரலி) ஆகியோர் நில அளவைக்கு அனுப்பப்பட்டனர். நிலத்தின் மீது தாங்க முடியாததைச் சுமத்திவிட்டீர்களோ என்று அவ்விருவரையும் உமர் (ரலி) அவர்கள் கேட்டது தாம் கொல்லப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்.

மற்றொரு செய்தி இதனினும் கூர்மையானது. இராக்கின் கராஜ் மதீனாவுக்கு வந்து சேர்ந்ததும், கூஃபாவிலிருந்து பத்துப் பேரும் பஸ்ராவிலிருந்து பத்துப் பேரும் வந்து, அப்பணத்தில் முஸ்லிமுக்கோ உடன்படிக்கையின் கீழ் வாழ்பவருக்கோ இழைத்த அநீதி கலக்கவில்லை என்று அல்லாஹ்வின் மீது நான்கு முறை சாட்சியம் அளிப்பார்களாம். வசூலித்தவர் சொல்வதை ஏற்காமல், வசூலான ஊரின் மக்களைக் கேட்பது! தணிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான வித்து வேறென்ன வேண்டும்? இமாம் இதனைச் செய்தியாகப் பதிவு செய்கிறார். ஆண்டுதோறும் நிகழ வேண்டிய முறைமையாக ஹாரூனிடம் கோரவில்லை. அரண்மனைக்குள் அமர்ந்து எழுதுபவரால் அவ்வளவுதான் முடிந்ததோ என்னவோ. அவர் சொல்லத் துணிந்தவையே சிறியவை அல்ல. ஆயினும் விதை கையிலிருந்தும் ஊன்றப்படவில்லை என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியாது.

நிபந்தனை கேட்ட இருவர்

ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு படி முன்னேற்றம் நிகழ்ந்தது. 1258இல் பக்தாது வீழ்ந்தது. தாத்தாரியரை எதிர்க்க எகிப்தில் குதுஸ் படை திரட்டினார். மக்களிடம் கூடுதல் வரி வாங்க உலமாக்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) ஒப்புதலை மறுக்கவில்லை, நிபந்தனை விதித்தார். பைத்துல்மால் வெறுமையாக வேண்டும். தளபதிகள் தம் பொன் கச்சைகளையும் விலையுயர்ந்த அணிகளையும் விற்றுச் செலவிட வேண்டும். ஒவ்வொரு வீரரிடமும் குதிரையும் ஆயுதமும் மட்டும் எஞ்ச வேண்டும். அதன் பின்னரே பொதுமக்களின் பொருளைத் தொடலாம். கஸ்ஸாலீ (ரஹ்) போன்றோர் கருவூலம் வெறுமையானால் செல்வர்கள் மீது வரி விதிக்கலாம் என்று முன்னரே எழுதியிருந்தனர். அந்தக் கொள்கையை ஆள்வோரின் முகத்துக்கு நேரே வைத்துக் கணக்குக் கேட்டவர் இஸ்ஸுத்தீன்.

இந்நிகழ்ச்சியை நம் பேச்சாளர்கள் 1260இல் அய்ன் ஜாலூத்தில் கிடைத்த வெற்றியோடு முடித்துவிடுவர். தொடர்ச்சி ஒன்று உண்டு. குதுஸ் தலைக்கு ஒரு தீனார் உட்படப் பல புதிய வரிகளை வசூலித்ததையும், அவருக்குப் பின் வந்த பைபர்ஸ் அரியணை ஏறியதும் அவற்றை நீக்கியதையும் மக்ரீஸீ எழுதுகிறார். நீக்கிய அதே பைபர்ஸ் பின்னாளில் தாமும் போருக்கென மக்களின் பணம் கேட்டார். திமிஷ்கின் உலமாக்கள் ஒப்பமிட்டனர். இமாம் நவவீ (ரஹ்) மறுத்தார். சுல்தானின் அடிமை வீரர்களுடைய பொன் கச்சைகளும் அரண்மனைப் பெண்களின் நகைகளும் முதலில் செலவாகட்டும் என்றார் என்றும், அதனால் திமிஷ்கை விட்டு நீங்கி நவாவுக்குச் சென்றார் என்றும் ஸுயூத்தீ குறிப்பிடுகிறார். மின்ஹாஜை ஓதி வளர்ந்த நம் கடற்கரை ஊர்களில் நவவீ இமாமின் பெயரை அறியாதவர் இல்லை. அவர் ஒப்பமிட மறுத்த தாளைப் பற்றி அறிந்தவர் எத்தனை பேர்?

அபூயூசுஃப், “நீதியோடு வாங்கு, நலனுக்கு வழங்கு” என்று கற்பித்தார். இஸ்ஸுத்தீனும் நவவீயும் வழங்கியதைக் காட்டாதவருக்கு மேலும் வாங்கும் உரிமை இல்லை என்றனர். இது பெரிய வளர்ச்சி. ஆயினும் மூவரின் வழிக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எல்லாம் ஒரு மனிதரின் நெஞ்சுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நவவீ ஒப்பமிட மறுத்தார்; மற்றவர்கள் ஒப்பமிட்ட தாள் சுல்தானுக்குப் போதுமானதாயிற்று. கூஃபா, பஸ்ராவின் இருபது சாட்சிகள் நிலையான மன்றமாக வளரவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஆட்சி முதுமையடையும்போது வரி ஏறும், வருவாய் குறையும் என்று நோயின் போக்கைத் துல்லியமாகக் கண்டார். அதனை இயற்கை நியதியாகக் கண்டாரேயன்றித் தடுக்கும் அமைப்பைப் பற்றிப் பேசவில்லை.

எதற்காக இதனை எழுதுகிறேன்?

இன்று நாம் வாழும் நாட்டில், சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசமைப்பின் 265ஆம் பிரிவு கூறுகிறது. செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் பின்னர்த் தணிக்கையும் உண்டு. இவை நமக்கு அயலானவை, நம் மரபில் எல்லாம் கலீஃபாவின் தக்வாவே என்று எண்ணுவோர் ஸவாத் விவாதத்தை மீண்டும் படிக்க வேண்டும். அங்கே தக்வாவில் யாருக்கும் குறையாத உமர் (ரலி) அவர்களே பதின்மர் முன் வாதாடினார்கள். இறையச்சம் உள்ளவர் கணக்குக் காட்ட அஞ்சமாட்டார் என்பதற்கு அதுவே சான்று.

நமக்கு நேரடியாகப் பொறுப்புள்ள இடமும் ஒன்றிருக்கிறது. நம் மஹல்லாக்களில் பைத்துல்மால் என்ற பெயரில் நிதி திரட்டுகிறோம். ஸகாத்தும் நன்கொடையும் தனித்தனிக் கணக்கில் இருக்கின்றனவா? வசூல் செலவு எதிலிருந்து போகிறது? ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொடுத்தவர்களும் பெற்றவர்களும் கணக்கைப் பார்க்க முடிகிறதா? பொறுப்பாளரை நம்பவில்லையா என்ற கேள்வியால் இவ்வினாக்களை அடைப்பது எளிது. நம்பிக்கைக்குரிய உஸ்மான் இப்னு ஹுனைஃபையே உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள் என்பதை அப்போது நினைவூட்ட வேண்டும்.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தை நான் விரைந்து கடப்பதில்லை. கிதாபுல் கராஜின் ஸவாத் பகுதியையும், கழுத்து முத்திரை பற்றிய பகுதியையும் சேர்த்தே மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அன்று வினா எழுப்பிய மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவருக்கு நான் தர வேண்டியிருந்த விடை இதுதான்: கேட்பவர் யார் என்பதை நம் முன்னோர் ஒருமுறை தெளிவாகக் காட்டினர். வரி கொடுத்த ஊரின் மக்களே கேட்பவர்கள். பின்வந்தோர் அதனைச் செய்தியாக மட்டும் காத்து வைத்தனர். அதனை முறைமையாக்கும் கடமை நம் மீது எஞ்சியிருக்கிறது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.